பாரா டூட்டில நிக்கிற உங்களுக்கு

சென்னையில இருக்குற எல்லா போலீஸ் ஸ்டேஷன்லயும் நைட்டு பாரா நிக்கிற அண்ணன் தம்பிங்களுக்கும், ஸ்டேஷன் ரெக்கார்டு எழுதுற ரைட்டர் சீட்ல உக்காந்திருக்குற ஏட்டையாக்களுக்கும், வரவேற்பு டேபிள்ல இருக்குற மேடங்களுக்கும்,

வணக்கம். இந்த லெட்டர கமிஷனருக்கோ டிஜிபிக்கோ எழுதியிருக்கலாம், வழக்கமா அப்படித்தான் எழுதுவாங்க, நானே அந்த மாதிரி நூத்துக்கணக்குல டைப் அடிச்சு குடுத்திருக்கேன். எழும்பூர் கோர்ட்டு பக்கத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், டைப்பிங்கும் உண்டு, "உயர்திரு காவல் ஆணையர் அவர்கள், வேப்பேரி"ன்னு கண்ண மூடிக்கிட்டே அடிப்பேன். அந்த மனுவெல்லாம் சுத்திச் சுத்தி கடைசில உங்க ஸ்டேஷனுக்கே வந்து நிக்கும், அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதான் நடுவுல எதுக்கு ஆளுன்னு நேரா உங்களுக்கே எழுதிடலாம்னு தோணுச்சு.

உங்களுக்குன்னா, விசாரிக்க கொண்டு வந்தவங்கள ஸ்டேஷன்ல வச்சு அடிக்காத உங்களுக்கு. அடிக்கிறவங்களுக்கு லெட்டர் எழுதி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நான் சொல்றது, பக்கத்து ரூம்ல சத்தம் கேக்கும்போது துப்பாக்கிய தோள்ல மாட்டிக்கிட்டு வாசல்ல ரோட்ட பாத்து நிக்கிறீங்களே, அவங்களுக்கு. ஜிடில, அதான் ஸ்டேஷன்ல தினமும் நடக்குறத எழுதுற நோட்டுல, என்ன எழுதலாம் எத விடலாம்னு ஐயா மூஞ்சிய பாக்குறீங்களே, அவங்களுக்கு.

ஏன் உங்க மேல எனக்கு இவ்வளவு அக்கறைன்னா, உங்கள மாதிரி ஒருத்தராலதான் என் தம்பி இன்னிக்கு உயிரோட இருக்கான்.

2019 நவம்பர், நல்ல மழை. தம்பி அப்ப கோயம்பேடு மார்க்கெட்ல லோடு எறக்குற வேலை, வீடு புளியந்தோப்புல. சின்ன வயசுல இருந்தே அவனுக்கு வீசிங், மழைக்காலம் வந்தா இன்ஹேலர் இல்லாம வெளிய போகமாட்டான், எங்க வீட்ல அத பம்புன்னுதான் சொல்லுவோம். நைட்டு பத்தரைக்கு மஃப்டில ரெண்டு பேர் வந்தாங்க, ஏதோ செல்போன் திருட்டாம், சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்னாங்க. அம்மா பம்ப எடுத்துக்கிட்டு பின்னாடியே ஓடுனாங்க, அதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு போனோம். எந்த ஸ்டேஷன்னு எழுதல, எழுதுனா தம்பிய காப்பாத்துன அண்ணனுக்கு சிக்கலாயிடும். அப்படி யாரையும் இங்க கொண்டு வரலயேம்மான்னாங்க. வாசப்படியாண்ட அவன் செருப்பு கெடக்குது, பச்ச வார் போட்ட செருப்பு, வண்ணாரப்பேட்டைல நான் வாங்கிக் குடுத்தது, அத பாத்துக்கிட்டே நிக்கிறோம், இங்க யாரும் இல்ல, போங்கன்றாங்க.

நைட்டு ஒண்ணே முக்காலுக்கு அம்மா போன் அடிச்சுது. "ம்மா, உங்க புள்ளைக்கு மூச்சு வாங்குது, பம்பு பம்புன்னு சொல்றான், ஒரு ஆட்டோ புடிச்சு உடனே வந்துருங்க, நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க." போனோம். போன் பண்ணுன, பாராவுல இருந்த அண்ணனும் இன்னொருத்தரும் சேர்ந்து அவன கைத்தாங்கலா கேட் வரைக்கும் கொண்டாந்து ஆட்டோவுல ஏத்துனாங்க. உதடு நீலமா இருந்துச்சு. பெரியாஸ்பத்திரில டாக்டர் எங்கேர்ந்து கொண்டு வர்றீங்கன்னு கேட்டாரு, அம்மா "வீட்லேர்ந்து சார்"ன்னாங்க. அந்த அண்ணன் சொல்லாதீங்கன்னு சொன்னாருல்ல, அதுக்காக.

நாலு நாள்ல வீட்டுக்கு வந்துட்டான். இப்ப கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு இருக்கு.

ஆனா கோர்ட்டு பக்கத்துல கடை வச்சிருக்குறவளுக்கு புத்தி வேற மாதிரி வேலை செய்யும். எஃப்ஐஆர் இல்ல. புகார் வாங்குனதுக்கு குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது இல்ல. அரெஸ்ட் மெமோ இல்ல. ஜிடில பேர் இல்ல, ஆஸ்பத்திரி சீட்டுலயும் "வீட்டிலிருந்து"ன்னு இருக்கு. அன்னிக்கு நைட்டு மூணு மணி நேரம் என் தம்பி ஸ்டேஷன்ல இருந்தான்றதுக்கு உலகத்துல ஒரு எழுத்து கூட கிடையாது. அவன் உயிரு அங்கயே போயிருந்தா உடம்பு எங்க கெடந்திருக்கும்? பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்துலயா? ஏதாவது ஒரு பிளாட்பாரத்துலயா?

நான் ஒண்ணும் கற்பனை பண்ணல சார். ஒடிசால 1987 டிசம்பர்ல 22 வயசு பையன ஒரு போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு கூட்டிட்டு போனாங்க, மறுநாள் உடம்பு தண்டவாளத்துல கெடந்துச்சு, தப்பிச்சு ஓடிட்டான், ரயில்ல அடிபட்டுட்டான்னு போலீஸ் சொல்லுச்சு. அவங்க அம்மா நீலாவதி பெஹரா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதுனாங்க, கோர்ட்டு அதயே மனுவா எடுத்துக்கிட்டு 1993ல ஒன்றரை லட்ச ரூபா நஷ்டஈடு குடுக்க சொல்லுச்சு. கஸ்டடில ஒருத்தர் செத்தா அரசாங்கம் காசு குடுத்தே ஆகணும்னு இன்னிக்கு எல்லாரும் சொல்றதுக்கு அந்த அம்மாவோட லெட்டர் ஒரு முக்கிய காரணம். டி.கே.பாசு கேஸும் அப்படித்தான், மேற்கு வங்கத்துல சட்ட உதவி சங்கம் நடத்துனவரு 1986ல தலைமை நீதிபதிக்கு எழுதுன லெட்டர், அதுல இருந்துதான் 1996 தீர்ப்பும், ஒருத்தர கைது பண்ணும்போது போலீஸ் என்னென்ன செய்யணும்ன்ற 11 விதிமுறையும் வந்துச்சு. டைப் அடிச்சு பொழைக்கிறவ நான், லெட்டர் மேல எனக்கு ஒரு நம்பிக்கை வர்றது இதுக்காகத்தான்.

அந்த 11 விதியும் உங்க ஸ்டேஷன் செவுத்துல பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காங்க, தெரியும். என் தம்பிய உக்கார வச்ச பெஞ்சுக்கு நேர் மேல அந்த போர்டுதான் இருந்துச்சாம், அவன் எட்டாங்கிளாஸ், "படிச்சிக்கினே இருந்தேன்க்கா, சொந்தக்காரங்களுக்கு சொல்லணும்னு போட்டிருந்தாங்க"ன்னான்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். லாக்கப்ல ஒருத்தர் செத்தா எல்லாரும் கேக்குறது யாரு அடிச்சான்னுதான். பேப்பர், டிவி, சட்டசபை, எங்க கடைக்கு வர்ற வக்கீலுங்க, எல்லாரும். அதுல நீங்க தப்பிச்சுக்கிறீங்க. நான் பாரா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ரைட்டர், ஐயா சொன்னத எழுதுனேன். நான் அன்னிக்கு பந்தோபஸ்து போயிட்டு லேட்டாத்தான் வந்தேன். எனக்கு உங்ககிட்ட கேக்க வேண்டியது வேற: மூச்சு வாங்குறத பாத்தது யாரு, தண்ணி கேட்டப்போ காதுல விழாத மாதிரி போனது யாரு, விடிஞ்சு பாத்துக்கலாம்னு சொன்னது யாரு?

இந்தக் கேள்வி நான் புதுசா கண்டுபுடிச்சது இல்ல. 1860ல வெள்ளைக்காரன் எழுதுன ஐபிசி, அதான் இந்திய தண்டனைச் சட்டம், அதுலயே இருக்கு. 36வது பிரிவுக்கு ஒரு உதாரணம் போட்டிருப்பாங்க: ஒருத்தன சாகடிக்கணும்னு நெனச்சு, கொஞ்சம் சோறு போடாம விட்டும் கொஞ்சம் அடிச்சும் கொன்னா அது கொலை. பட்டினி போட்டது தனி, அடிச்சது தனின்னு பிரிக்க மாட்டாங்க. அடுத்த 37வது பிரிவுல இருக்குறத படிச்சா உங்க டூட்டி சார்ட்ட பாத்து எழுதுன மாதிரியே இருக்கும். ரெண்டு ஜெயிலருங்க, ஆறு ஆறு மணி நேரம் மாத்தி மாத்தி ஒரு கைதிய பாத்துக்குறாங்க, ரெண்டு பேரும் அவன் சாவணும்னு தெரிஞ்சே ஒத்துப்போயி, அவங்கவங்க ஷிப்டுல சோறு குடுக்காம விட்டுர்றாங்க, அவன் செத்துப்போறான். ரெண்டு பேரும் கொலைக் குற்றவாளி. ஒருத்தர் கூட கைய ஓங்கல, கவனிங்க. சட்டப்படி செய்ய வேண்டியத செய்யாம விட்டதும் செஞ்சதுக்கு சமம்னுதான் சட்டம் ஆரம்பத்துல இருந்தே சொல்லுது. ஐபிசி போயி அதுக்கு பதிலா புது தண்டனைச் சட்டம் பிஎன்எஸ் வந்தப்பவும் அத தூக்கிப் போடல, 3வது பிரிவுக்குள்ள அப்படியே வச்சிருக்காங்க.

நான் சாவணும்னு நெனக்கலையேன்னு நீங்க சொல்லுவீங்க, உண்மைதான், பெரும்பாலும் யாரும் நெனக்கிறதில்ல, எனக்கு அந்த அளவுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா நெனக்கலன்னா வீட்டுக்கு போயிடலாம்னு இல்ல. அலட்சியத்தால சாவு வந்தா பழைய 304ஏல ரெண்டு வருஷம்தான், இப்ப பிஎன்எஸ் 106ல அஞ்சு வருஷம் வரைக்கும் போகும். அலட்சியம்னா என்னன்னு கேட்டா, ஒருத்தருக்கு கவனிக்கிற கடமை இருந்து அத செய்யாம விடறது. அந்தக் கடமை உங்களுக்கு இருக்கா இல்லையான்னு யாரும் தலைய பிச்சுக்க வேண்டியதே இல்ல, கைது, விசாரணை நடைமுறைய சொல்ற சட்டம் பிஎன்எஸ்எஸ், அதோட 56வது பிரிவு ஒரே வரில சொல்லுது, கைதானவரோட உடம்பையும் பாதுகாப்பையும் பாத்துக்குறது அவர வச்சிருக்குறவங்க கடமை. 53ல, கைது பண்ண உடனே டாக்டர்கிட்ட காட்டணும். ரோட்டுல விழுந்து கெடக்குறவன தாண்டி நான் போனா அது பாவம், அவ்வளவுதான், சட்டம் என்னை பெருசா ஒண்ணும் பண்ணாது. ஸ்டேஷனுக்குள்ள விழுந்து கெடக்குறவன நீங்க தாண்டி போனா அது வேற. அவனால கதவ தொறந்துக்கிட்டு மெடிக்கலுக்கு போக முடியாது. கதவு சாவி உங்ககிட்ட இருக்கு.

ரைட்டர் ஐயாவுக்கு தனியா ஒண்ணு. ஒருத்தர தப்பிக்க வைக்க பொய்யா ரெக்கார்டு எழுதுற அரசு ஊழியருக்கு மூணு வருஷம், ஐபிசில 218, இப்ப பிஎன்எஸ் 256. சாயங்காலம் ஆறு மணிக்கு கொண்டு வந்தவர மறுநாள் காலைல ஆறு மணிக்கு புடிச்சதா எழுதுறீங்களே, அது உங்க கையெழுத்து. ஐயா வாயால சொன்னாரு, நீங்க பேனாவால எழுதுனீங்க. கோர்ட்டுல வாய்க்கு ஜெராக்ஸ் கிடைக்காது சார், பேனாவுக்குத்தான் கிடைக்கும், நானே போட்டுக் குடுக்குறேன் தினமும்.

சென்னையில நடந்தத சொல்லாம விட்டா தப்பா போயிடும். 2022 ஏப்ரல் 18 நைட்டு கெல்லீஸ் பக்கம் ஆட்டோல போன 25 வயசு பையன், மெரினாவுல குதிரை சவாரி ஓட்டிக்கிட்டிருந்தவன், தலைமைச் செயலகக் காலனி ஸ்டேஷனுக்கு கொண்டு போனாங்க, மறுநாள் செத்துட்டான். வாந்தி, வலிப்புன்னு சட்டசபைலயே சொன்னாங்க. பிரேத பரிசோதனைல 13 காயம். அப்புறம் கொலை கேஸா மாத்தி சிபிசிஐடி ஆறு போலீஸ்காரங்கள கைது பண்ணுச்சு. நைட்டு நேரத்துல ஸ்டேஷன்ல வச்சு விசாரிக்காதீங்கன்னு டிஜிபி சொன்னாரு. ரெண்டு மாசம் கூட ஆகல, ஜூன்ல கொடுங்கையூர் ஸ்டேஷன்ல இன்னொருத்தர் செத்தாரு.

இந்த "வலிப்பு"ன்ற வார்த்தைய பத்தி கொஞ்சம் நில்லுங்க. நெஞ்சு வலி, வலிப்பு, மூச்சுத் திணறல், பாத்ரூம்ல வழுக்கிட்டாரு, இதுதான் எப்பவும் வர்ற லிஸ்ட்டு. சரி, ஒரு பேச்சுக்கு அது அத்தனையும் நெசம்னே வச்சுப்போம். அப்ப என் கேள்வி இன்னும் பெருசாகுது. வலிப்பு எத்தன மணிக்கு வந்துச்சு, ஆம்புலன்சுக்கு எத்தன மணிக்கு போன் போச்சு? வலிப்புன்னு சொன்னா கேஸ் முடிஞ்சுதுன்னு உங்க ஐயாங்க நெனக்கிறாங்க, எனக்கு அங்கதான் கேஸே ஆரம்பிக்குது. என் தம்பிய யாரும் கொல்லணும்னு அடிக்கல, நாலு அறை, முட்டி போட வச்சாங்க, அவ்வளவுதான்னு அவனே சொல்றான். அந்த நாலு அறையில அவன் சாகமாட்டான், பம்பு இல்லாம செத்திருப்பான்.

பாத்ரூம் வழுக்குறத வச்சு மீம் போட்டு சிரிச்சது நாங்கதான், அத ஒத்துக்கிறேன். போலீஸ் புடிச்ச ஆளு கை கால் ஒடிஞ்சு மாவுக்கட்டு போட்ட போட்டோ வந்தா கைத்தட்டுனது பொதுஜனம்தான், என் கடைக்கு டீ குடிக்க வர்ற நல்ல மனுஷங்களே "இவனுங்களுக்கு இதுதான் சரி"ன்னு சொல்லுவாங்க, நானும் சும்மா கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். என் வீட்டு செருப்பு அந்த வாசப்படில கெடக்குற வரைக்கும்.

சாத்தான்குளம் உங்க எல்லாருக்கும் தெரியும், 2020 ஜூன், செல்போன் கடை வச்சிருந்த அப்பாவும் மகனும் போலீஸ் அடிச்சு செத்துப்போனாங்க. அதுல எனக்கு மறக்காம இருக்குறது ரெண்டு. ஒண்ணு, விசாரிக்க போன மாஜிஸ்ட்ரேட்டு கேமராவ பாத்தா, பதிவு வைக்க எடம் நெறைய இருந்தும் தினமும் தானா அழியுற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்க. அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா, சத்தத்தோட, 18 மாசம் பதிவு இருக்கணும்னு சொல்லுச்சு. கேமராவ அழிக்கலாம். ரெண்டாவது விஷயத்த அழிக்க முடியல, அது ஒரு பெண் ஏட்டு. அன்னிக்கு நைட்டு ஸ்டேஷன்ல டூட்டில இருந்தவங்க. விடிய விடிய அடிச்சாங்க, லத்தில, டேபிள்ல ரத்தம்னு மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட சொன்னாங்க. வெளிய நின்ன போலீஸ்காரரு ஒருத்தர் அதே மாஜிஸ்ட்ரேட்ட ஒருமைல பேசிக்கிட்டிருக்குற எடத்துல, அவங்க பயந்துக்கிட்டே சொன்னாங்க. சும்மா வாசல்ல நின்னவங்கதான் அவங்களும், உங்கள மாதிரிதான்.

திருப்புவனத்துல அப்படி ஒரு போலீஸ் சாட்சி கூட இல்ல. 2025 ஜூன், நகை காணோம்னு ஒரு புகாரு, எஃப்ஐஆர் கூட போடாம ஸ்பெஷல் டீம் கோயில் காவலாளிய தூக்கிட்டு போயி அடிச்சே கொன்னாங்க, உடம்புல 44 காயம். வெளிய வந்த வீடியோ ஒரு போலீஸ்காரர் எடுத்ததா? இல்ல, கோயில்ல வேலை பாக்குற ஒருத்தர் ஒளிஞ்சு நின்னு எடுத்தது. அத்தன யூனிபார்ம் இருந்த வழக்குல சாட்சி ஒரு கோயில் ஊழியரோட செல்போன்.

இத சுப்ரீம் கோர்ட்டு 1995லயே சொல்லியிருக்கு, மத்தியப் பிரதேச கேஸ் ஒண்ணுல, ஷியாம்சுந்தர் திரிவேதி கேஸுன்னு வக்கீலுங்க அடிக்கடி காப்பி எடுப்பாங்க. ஸ்டேஷனுக்குள்ள நடந்தத பாத்த சாட்சி போலீஸ்காரங்கதான், அவங்க சகோதர பாசத்துல வாய தொறக்க மாட்டாங்க, அதனால நேர் சாட்சி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா ஒருத்தரும் மாட்ட மாட்டாங்கன்னு சொல்லி, கீழ்க்கோர்ட்டு விட்டவங்கள தண்டிச்சாங்க. அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி, 1985ல, சட்டக் கமிஷன் 113வது அறிக்கைல சொன்னாங்க, கஸ்டடில இருக்கும்போது காயம் பட்டா அத போலீசே பண்ணுனதா கோர்ட்டு எடுத்துக்கலாம்னு சட்டத்துல ஒரு பிரிவு சேருங்கன்னு. 40 வருஷம் ஆச்சு, சேரல. சித்திரவதைக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்துல 1997ல இந்தியா கையெழுத்து போட்டுச்சு, அத உறுதி பண்ணி சட்டம் கொண்டு வரல, 2010ல லோக்சபாவுல ஒரு மசோதா பாஸ் ஆகி ராஜ்யசபாவுல போயி படுத்துடுச்சு. அதெல்லாம் டெல்லி சமாச்சாரம், நீங்களும் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. சட்டம் வர்ற வரைக்கும் சாட்சின்னு ஒண்ணு இருந்தா அது நீங்கதான், வேற யாரும் அந்த ரூம்ல இல்ல. (சரியா பாக்காமலே ரிமாண்ட்ல கையெழுத்து போடுற மாஜிஸ்ட்ரேட்டு, உடம்பு நல்லாயிருக்குன்னு சீட்டு குடுக்குற டாக்டர், அவங்களுக்கெல்லாம் தனியா ஒரு லெட்டர் பாக்கி இருக்கு.)

உங்க கஷ்டம் தெரியாம பேசல. ஐயாவ எதுத்துக்கிட்டா ஆயுதப்படைக்கு தூக்கி அடிச்சுருவாங்க, சார்ஜ் மெமோ, இன்க்ரிமென்ட் கட்டு, புள்ளைங்க ஸ்கூல் பாதில நிக்கும், போலீஸ் குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டுக்காரங்க பேசமாட்டாங்க. உங்க பொண்டாட்டிங்க என் கடைக்கு ட்ரான்ஸ்பர் பெட்டிஷன் அடிக்க வந்து அழுதிருக்காங்க, நானே அடிச்சுக் குடுத்திருக்கேன். ஆனா கேஸுன்னு வந்தா என்ன நடக்குதுன்னும் நான் பாக்குறேன். சிபிசிஐடியோ சிபிஐயோ வந்தா மொதல்ல உள்ள போறது ஏட்டும் கான்ஸ்டபிளும்தான். மேல இருந்து "சீக்கிரம் ரெக்கவரி காட்டு"ன்னு போன்ல கத்துனவரு பேரு எந்த பேப்பர்லயும் இருக்காது, ஏன்னா அவரு எதயும் எழுதல. எழுதுனது நீங்க. ஐயா சொன்னாருன்றது சட்டவிரோதமான உத்தரவுக்கு எந்தக் கோர்ட்டுலயும் பதில் ஆகாது.

அதனால உங்கள ஹீரோ ஆகச் சொல்லல. சண்ட போடச் சொல்லல. உள்ள போயி லத்திய புடுங்கச் சொல்லல, அத நீங்க பண்ணமாட்டீங்க, உங்க எடத்துல நான் இருந்தா நானும் பண்ணமாட்டேன்னுதான் நெனக்கிறேன்.

யாரையாவது உள்ள கொண்டாந்தா டயத்த எழுதுங்க. என்ன மாத்திரை சாப்புடுறன்னு ஒரு வார்த்தை கேளுங்க, சுகரா, பிபியா, வலிப்பா, வீசிங்கா. உடம்புல ஏற்கனவே காயம் இருந்தா அதயும் எழுதுங்க, அது உங்களுக்கே நாளைக்கு உதவும். வீட்டாளுங்க வாசல்ல வந்து நின்னா இங்க யாரும் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, மாத்திரைய குடுத்துட்டு போங்கன்னு வாங்கி வச்சுக்கோங்க, அதுக்கு எந்த ஐயாவோட பர்மிஷனும் வேணாம்.

ஆளு ஒரு மாதிரி ஆனா 108க்கு போன் பண்ணுங்க. யாரு கூப்பிட்டான்னு அப்புறம் பாத்துக்கலாம். ஜிடில எழுத விடலன்னா உங்க சொந்த செல்லுல இருந்து உங்க வீட்டுக்கே ஒரு மெசேஜ் போட்டு வச்சிருங்க, பொண்டாட்டிக்கோ புருஷனுக்கோ, டயம் அதுல தானா விழுந்துரும்: "நைட்டு 1.40. ஒரு பையன உள்ள வச்சிருக்காங்க. மூச்சு வாங்குது. ஐயாகிட்ட சொல்லிட்டேன், கேக்கல. ஆம்புலன்சுக்கு போன் பண்ணிட்டேன்."

இப்படிக்கு,
எழும்பூர் கோர்ட்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி